வகுப்பறையில் கலை ஆய்வு, அதன் மீள்பார்வைக் குறிப்பு: வேலூர் வட்டார பி.எட். மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிப் பயிற்சிக்குப் போகும் பி.எட். மாணவர்களில் பலர் கூத்து, பொம்மலாட்டம், களிமண், கதைப்பாட்டு என்று ஏதாவது ஒரு கலையை வைத்துச் சிறு செயலாய்வு (தன் வகுப்பிலேயே ஒன்றைச் செய்து பார்த்து விளைவை ஆராய்வது) செய்கிறார்கள். ஆய்வைச் செய்து முடித்துவிடுகிறார்கள். அதைத் திரும்பிப் பார்த்து எழுதச் சொன்னால்தான் பேனா நகர மறுக்கிறது. அந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை பிடித்துக்கொள்கிறோம்: எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் வரும் 1806 வேலூர்ப் புரட்சியைத் தெருக்கூத்து வடிவில் நடத்துவது. அதில் வரும் மாணவர் எண்ணிக்கையும் மதிப்பெண்களும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

மீள்பார்வைக் குறிப்பு என்று தனியாக எதற்கு? அறிக்கையிலேயே எல்லாம் வந்துவிடுகிறதே?

அறிக்கையில் நீங்கள் செய்ததும் கிடைத்ததும் இருக்கும். மீள்பார்வையில் நீங்கள் எடுத்த முடிவுகள் இருக்க வேண்டும். எந்த இடத்தில் திட்டத்தை விட்டு விலகினீர்கள், எதைக் கண்டு விலகினீர்கள், விலகியதால் என்ன ஆயிற்று, அடுத்த முறை அதே இடம் வந்தால் என்ன செய்வீர்கள்: இவை எழுதப்பட்டிருந்தால் அது மீள்பார்வை.

“மாணவர்கள் மிகுந்த ஆர்வத்துடன் பங்கேற்றனர்” என்ற வரியைக் காட்பாடியில் கணக்கு நடத்தியவரும் எழுதலாம், ஆம்பூரில் அறிவியல் நடத்தியவரும் எழுதலாம். உங்கள் குறிப்பேட்டை எடுத்து, ஒவ்வொரு வரியையும் பக்கத்து பெஞ்சுத் தோழியின் ரெக்கார்டில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்துகிற வரியை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது அரைப் பக்கமாக இருந்தாலும் அதுதான் உங்களுடையது.

ஆய்வுக் கேள்வியை எவ்வளவு சிறிதாக வைத்துக்கொள்வது?

நான்கு பாடவேளைகளில் விடை தேடக்கூடிய அளவுக்கு. “கலை வழிக் கற்பித்தலின் தாக்கம்” என்று வைத்தால் மீள்பார்வை எழுதும்போது கையில் எதுவும் சிக்காது. “கட்டியக்காரன் கேள்வி கேட்டு நகர்த்தும் வடிவில் பாடத்தை நடத்தினால், ‘ஏன்’ என்று தொடங்கும் வினாவுக்கு மாணவர்கள் காரணத்தையும் விளைவையும் சேர்த்து எழுதுகிறார்களா?” என்று வையுங்கள். (கட்டியக்காரன் என்பவன் கூத்தில் சபையோடு பேசிக் கேள்வி கேட்கும் கோமாளி.) இதில் யார், எது, எப்படி அளப்பது என்பதெல்லாம் அடங்கிவிட்டது.

என்.சி.டி.இ. (ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில்) 2014 விதிமுறைப்படி இரண்டாண்டு பி.எட்.டில் பள்ளி அனுபவம் மொத்தம் 20 வாரம்; அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். கேட்க நிறைய நாள் போலத் தோன்றும். காலாண்டுத் தேர்வு, விளையாட்டு விழா, ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி, வள்ளிமலை என்று பாதி வகுப்பு காணாமல் போகும் நாள் எல்லாம் கழித்தால் ஆய்வுக்கு மிஞ்சுவது குறைவு. மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே கேள்வியை முடிவு செய்து வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டிவிடுங்கள்.

கூத்தை ஏன் எடுத்துக்காட்டாக வைத்தீர்கள்? எனக்குக் கூத்து ஆடத் தெரியாதே?

வட ஆர்க்காட்டில் கூத்து பிள்ளைகளுக்குப் புதிதல்ல. கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தும் துரியோதனன் படுகளமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கிராமப் பள்ளிகளில் இருக்கிறார்கள். செய்யாறு பக்கத்துப் புரிசை கூத்துக்குப் பேர்போன ஊர். பிள்ளைகளுக்குத் தெரிந்த வடிவத்தில் தெரியாத பாடம் ஏறி வருகிறது என்பதே இதன் பலம்.

நீங்கள் ஆட வேண்டியதில்லை. அடவும் (காலடி அசைவு) கிருகியும் (சுழன்றாடுவது) பல வருடப் பயிற்சியில் வருபவை. ஒரு வாரத்தில் நகல் எடுத்தால் கேலிக்கூத்தாகிவிடும், அந்தக் கலைக்கும் அது மரியாதையல்ல. கூத்தின் அமைப்பிலிருந்து இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, திரைப் பிரவேசம்: இருவர் துணி பிடிக்க, பாத்திரம் திரைக்குப் பின்னிருந்து தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டு வெளியே வருவது. இன்னொன்று கட்டியக்காரன்: பார்ப்பவர் மனத்தில் எழும் கேள்வியைச் சபையில் கேட்பவன். உள்ளூர்க் கலைஞர் ஒருவரை அழைக்க முடிந்தால் அழையுங்கள். போக்குவரத்துச் செலவையும் சன்மானத்தையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். வந்த இடத்தில் பேசுவது அவருக்குச் சங்கடம்.

தேவைப்படும் பொருள்: பழைய நாலு முழ வேட்டி ஒன்று, ஒரு ஜோடி கைத்தாளம், தலைப்பாகைக்கு இரண்டு துண்டு, கேள்வி எழுத சார்ட்டை வெட்டிய 12 அட்டை. மத்தளத்துக்குப் பதில் பக்கெட்டைத் தட்ட வேண்டாம். பக்கத்து வகுப்பில் சிலிப் டெஸ்ட் நடந்துகொண்டிருக்கும்.

நான்கு பாடவேளையை எப்படிப் பிரிப்பது?

முதல் நாள் முதல் 10 நிமிடம் முன்சோதனை: “வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள்?” என்று ஒரே வினா, ஐந்து வரி விடை. மீதி நேரம் பாடத்தின் சாரம். இரண்டாம் நாள் பாத்திரங்களும் கேள்வி அட்டைகளும். அட்டையை எழுதுவது மாணவர்கள். மூன்றாம் நாள் கூத்து 20 நிமிடம், பேச்சு 15 நிமிடம். 45 நிமிடத்தில் மீதி 10 எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். பெஞ்சை ஒதுக்கித் திரும்பப் போடுவதற்கு அது போய்விடும். நிழலான தாழ்வாரமோ மரத்தடியோ இருந்தால் அங்கே நடத்துங்கள். வேலூர் வெயிலில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திறந்த வெளியில் வேண்டாம். நான்காம் நாள் விடை எழுதுவதும், எழுதியதைப் பற்றிய பேச்சும்.

குறிப்பை எப்போது, எப்படி எழுதுவது?

அன்றைக்கே. முடிந்தால் அடுத்த மணி அடிப்பதற்குள் ஐந்து நிமிடம், மாலையில் பஸ் ஏறுவதற்கு முன் பத்து நிமிடம். இரண்டு வாரம் கழித்து எழுதினால் நினைவு எல்லாவற்றையும் வழுவழுப்பாக்கிவிடும். தடுமாறிய இடங்கள் முதலில் மறையும். மீள்பார்வைக்கு வேண்டியதே அந்தத் தடுமாற்றங்கள்தான்.

200 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று போதும். இடப்பக்கத்தில் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள், நேரத்தோடு. வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். அன்று இரவோ மறுநாளோ அதற்கு எதிரே உங்கள் விளக்கத்தை எழுதுங்கள். இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்தால், பிறகு எது நடந்தது, எது நீங்கள் நினைத்தது என்று உங்களுக்கே பிரித்தறிய முடியாது.

இடப்பக்கம் இப்படி இருக்கலாம்:

“11.20. திரை விலகியதும் சிரிப்பு. கட்டியக்காரன் கேள்வி 3: ‘தலைப்பாகை மாறினா என்னப்பா, தலையா மாறிடும்?’ மூன்றாம் வரிசைப் பெண்: ‘அதுல தோலு வெச்சிருக்கான் சார்.’ 11.26. கேள்வி 5 தாண்டப்பட்டது. பையன்கள் நால்வரே பேசுகிறார்கள். 11.31. ‘திப்பு சுல்தான் வந்து காப்பாத்துவாரு’, இரண்டு பேர்.”

பிள்ளைகள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். “மாணவி தோல் பயன்பாட்டைச் சுட்டிக்காட்டினாள்” என்று திருத்தி எழுதினால், அவள் எவ்வளவு புரிந்து சொன்னாள் என்ற தடயம் அழிந்துவிடும்.

இடப்பக்கத்தில் இருப்பதிலிருந்து மீள்பார்வை எப்படிப் பிறக்கிறது?

மேலே உள்ள 11.31 வரியை எடுத்துக்கொள்வோம். திப்பு 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்துவிட்டார். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தவர்கள் இந்தியச் சிப்பாய்கள். திப்புவின் பிள்ளைகள் அப்போது கோட்டைக்குள் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். அப்படியிருக்க, திப்பு எப்படிப் பிள்ளைகள் வாயில் வந்தார்?

பயிற்சி மாணவர்கள் வழக்கமாக எழுதுவது: “சில மாணவர்கள் கவனக்குறைவாக இருந்தனர்.” இது விளக்கமல்ல, பழி. நீங்கள் செய்ததைப் பாருங்கள். கூத்தில் திரைப் பிரவேசம் பெரும்பாலும் ராஜாவுக்கு உரியது. யாருக்குத் திரை பிடிக்கிறார்களோ அவரே நாயகர் என்று பார்த்துப் பழகிய கண் அது. நீங்கள் திப்புவின் மகனுக்குக் கிரீடம் வைத்துத் திரை பிடித்தீர்கள். சிப்பாய்களைக் கூட்டமாக ஓரத்தில் நிறுத்தினீர்கள். வடிவம் ஒரு கதை சொன்னது, பாடம் வேறு கதை சொன்னது, பிள்ளைகள் வடிவத்தை நம்பினார்கள்.

இனி முடிவு: அடுத்த முறை முதல் திரைப் பிரவேசம் ஒரு சிப்பாய்க்கு. புதுத் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு, நெற்றியில் சின்னம் இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற கட்டளைகளை அவனே சொல்லிக்கொண்டு வெளியே வரட்டும். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படையோடு வந்து கிளர்ச்சியை அடக்கிய கில்லெஸ்பிக்குத் திரை வேண்டாம்.

பார்த்தது, அதற்கு உங்கள் செயலில் உள்ள காரணம், மாற்றம். இந்த ஓட்டம் ஒரு பத்தியில் இருந்தால் மாதிரி எதையும் தேடிப் போக வேண்டாம் என்பது எங்கள் எண்ணம்.

ஆனால் கல்லூரியில் கிப்ஸ் சுழற்சிப்படி எழுதச் சொல்கிறார்களே?

எழுதுங்கள். கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988இல் தந்த அமைப்பில் ஆறு படிகள்: விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம். தவறு நேர்வது அளவில். பலர் விவரிப்புக்கே முக்கால் பக்கம் கொடுத்துவிட்டு, பகுப்பாய்வை இரண்டு வரியில் முடிக்கிறார்கள். 400 சொல் எழுதுவதானால் விவரிப்புக்கு 80, பகுப்பாய்வுக்கு 150, செயல்திட்டத்துக்கு 80 என்று ஒதுக்குங்கள். மீதியை மற்ற மூன்றும் பகிர்ந்துகொள்ளட்டும்.

சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983இல் பிரித்துக் காட்டிய இரண்டும் உதவும்: வேலை நடக்கும்போதே யோசித்து மாற்றுவது, முடிந்தபின் யோசிப்பது. 11.26க்குக் கேள்வி 5ஐத் தாண்டியது முதல் வகை. ஏன் தாண்டினீர்கள்? நேரம் போதவில்லையா, விடை வராது என்று பயந்தீர்களா? இரண்டுக்கும் தீர்வு வேறுவேறு.

உணர்வை எழுதலாமா? “எனக்குப் பயமாக இருந்தது” என்று எழுதினால் மதிப்பெண் போய்விடாதா?

எழுதலாம், அந்தப் பயம் வகுப்பில் எதையாவது மாற்றியிருந்தால். தலைமையாசிரியர் கதவருகில் நின்றதும் நீங்கள் கூத்தைச் சட்டென்று நிறுத்தி, கரும்பலகையில் எழுதத் தொடங்கினீர்கள் என்றால் அது முக்கியமான தகவல். அதனால் மூன்று பிள்ளைகளுக்கு வாய்ப்புப் போயிற்று என்று சேர்த்து எழுதுங்கள். எதையும் மாற்றாத உணர்வுக்கு ஒரு வரி போதும்.

முன்சோதனை, பின்சோதனை கட்டாயமா? எண்ணிக்கையை எப்படிப் பார்ப்பது?

செயலாய்வில் கட்டாயமில்லை, உளவியலாளர் குர்ட் லெவின் 1940களில் இந்த முறையை வகுத்தபோது அவர் வலியுறுத்தியது திட்டமிடல், செயல், விளைவை அறிதல், மறுபடி திட்டமிடல் என்ற சுற்று. ஆனாலும் ஒரு சிறு சோதனை இருந்தால் உங்கள் மீள்பார்வைக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும்.

மதிப்பிட 0 முதல் 3 வரை ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். காரணமே இல்லை என்றால் 0. “தலைப்பாகை” என்று பெயர் மட்டும் சொன்னால் 1. தோல் வைத்த தலைப்பாகை அவர்கள் சமய உணர்வைப் புண்படுத்தியது என்று இணைத்தால் 2. அப்படி இணைத்த காரணம் இரண்டு இருந்தால் 3.

தவறு நேரும் இடம் திருத்துவதில்தான். கூத்துக்கு உழைத்தவர் நீங்கள். பின்சோதனைத் தாளைக் கனிவோடுதான் பார்ப்பீர்கள். ஆகவே பெயரையும் தேதியையும் மடித்து மறைத்து, முன்சோதனை, பின்சோதனைத் தாள்களைச் சீட்டுக் குலுக்குவது போலக் கலந்துவிட்டுத் திருத்துங்கள். 10 தாளை இன்னொரு பயிற்சி ஆசிரியரிடம் கொடுங்கள். மூன்று தாளுக்கு மேல் மதிப்பெண் மாறினால் அளவுகோலின் வாசகம் தெளிவில்லை என்று பொருள். வாசகத்தைத் திருத்தி மறுபடி போடுங்கள்.

32 பேர் வகுப்பில் இரண்டு சோதனைக்கும் வந்தவர் 27 என்றால் 27ஐ மட்டுமே ஒப்பிடுங்கள். சதவீதம் வேண்டாம்: “27 பேரில் 2 அல்லது 3 பெற்றவர் 6இலிருந்து 15 ஆயினர்” என்பதே தெளிவு. அந்த ஏற்றம் முழுவதும் கூத்தால் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஒரே வினாவை இரண்டாம் முறை பார்க்கிறார்கள், நடுவில் பாடமும் நடந்திருக்கிறது, புது ஆசிரியர் என்ற கவர்ச்சியும் உண்டு. மூன்று வாரம் கழித்து அதே காரண-விளைவு வகையில் வேறு பாடத்திலிருந்து ஒரு வினா கொடுத்துப் பாருங்கள். பழக்கம் ஒட்டியதா என்று அப்போது தெரியும்.

ஆய்வு எதிர்பார்த்தபடி வரவில்லை. மாற்றி எழுதிவிடலாமா?

கூடாது. நேர்மைக் குறைவு என்பது ஒருபுறம்; மாற்றிய எண்ணை வைத்து எழுதும் மீள்பார்வையில் காரணமே கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. முன்னேற்றம் வராத ஆய்வில் எழுத விஷயம் அதிகம். கட்டியக்காரனின் நகைச்சுவை நினைவில் நின்று காரணம் நிற்கவில்லையா? விடை எழுதும் முன் பேச்சுக்கு நேரம் தரவில்லையா? பாத்திரம் ஏற்ற 9 பேர் மட்டும் ஏறி, பார்த்துக்கொண்டிருந்த 18 பேர் அப்படியே நின்றார்களா? இந்தக் கடைசியானது அடிக்கடி காணப்படுவது. தாள்களை நடித்தவர், பார்த்தவர் என்று இரண்டு கட்டாகப் பிரித்து அடுக்கினால் தெரிந்துவிடும். பார்ப்பவர்களுக்கும் வேலை கொடுப்பதே மருந்து: ஒவ்வொரு மூவர் குழுவுக்கும் ஒரு கேள்வி அட்டை, கட்டியக்காரன் அவர்களிடம் வந்து வாங்கிப் படிப்பான்.

வகுப்பில் உருதும் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியது குறைவாக இருக்கிறதே?

வேலூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, குடியாத்தம் பக்கத்துத் தமிழ்வழி வகுப்புகளில் இது வழக்கம். குறைந்த மதிப்பெண்ணைப் புரியாமை என்று எழுதும் முன், அந்தப் பிள்ளையிடம் வாய்மொழியாக அதே கேள்வியைக் கேளுங்கள். வீட்டு மொழியில் சொல்லட்டும். வகுப்புத் தோழன் ஒருவன் தமிழில் சொல்லுவான். வாய்ச்சொல்லில் 2, எழுத்தில் 0 என்றால் உங்கள் அளவுகோல் அளந்தது வரலாற்று அறிவை அல்ல, தமிழ் எழுத்தை. இதை மீள்பார்வையில் தனியாகப் பதியுங்கள். இந்த ஒரு பத்திக்காகவே குறிப்பேட்டை மதிக்கும் தேர்வாளர்கள் உண்டு.

போட்டோவும் வீடியோவும் சேர்க்கலாமா?

தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் எழுத்தில் இருந்தால். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே கூடாது. உண்மையில் சிரிக்கும் முகங்களின் படம் எதையும் நிரூபிப்பதில்லை. மாணவர் எழுதிய கேள்வி அட்டையின் படம், பெயர் மறைத்த இரண்டு விடைத்தாள்: இவை போதும். குறிப்பில் மாணவர் பெயருக்குப் பதில் மா1, மா2 என்று குறியிடுங்கள். பெயர்ப் பட்டியலைத் தனியே வைத்திருந்து, ஆய்வு முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

வழிகாட்டி ஆசிரியர் “போர்ஷன் முடியாது, இதெல்லாம் வேண்டாம்” என்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் உண்டு; தேர்வில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நான்கு பாடவேளை கேட்காமல் இரண்டு கேளுங்கள். அந்தப் பாடத்தின் புத்தக வினாக்களும் அதிலேயே முடிந்துவிடும் என்று பாடத்திட்டக் குறிப்பில் காட்டுங்கள். பின்புறம் உட்கார்ந்து பார்க்கும்படி கேட்டு, “யார் பேசவில்லை என்று மட்டும் குறித்துத் தாருங்கள் மேடம்” என்று ஒரு வகுப்பு வரைபடத்தை நீட்டுங்கள். நீங்கள் பார்க்க முடியாததை அவர் பார்ப்பார். அவர் குறித்ததும் நீங்கள் குறித்ததும் வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதலாமா? ஏ.ஐ.யிடம் கேட்கலாமா?

அமைப்பைப் பார்க்கலாம். வாக்கியத்தை எடுத்தால் வைவாவின் (வாய்மொழித் தேர்வின்) முதல் கேள்வியிலேயே சிக்குவீர்கள், உங்கள் வகுப்பில் 11.26க்கு என்ன நடந்தது என்று சீனியருக்குத் தெரியாது. ஏ.ஐ.க்கும் தெரியாது. எழுதி முடித்த பத்தியில் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்வதோடு நிறுத்துங்கள். பயன்படுத்தியதை ரெக்கார்டில் குறிப்பிட்டுவிடுங்கள்.

வைவாவில் என்ன கேட்பார்கள்?

பெரும்பாலும் மூன்று திசையிலிருந்து வரும். ஏன் இந்தக் கலை, வேறு ஏன் இல்லை? எந்த இடத்தில் திட்டத்தை மாற்றினாய்? இதே பாடத்தை நாளைக்கே மறுபடி நடத்தச் சொன்னால் முதலில் எதை மாற்றுவாய்? மூன்றுக்கும் விடை உங்கள் நோட்டின் வலப்பக்கங்களில் இருக்கும். மூலக் குறிப்பேட்டை அழகாகப் படியெடுக்காமல், அடித்தலும் திருத்தலுமாக அப்படியே கொண்டுபோங்கள். அந்தந்தப் பக்கத்தில் சிறு சீட்டு ஒட்டி வைத்தால், கேட்டவுடன் திறந்து இடப்பக்கத்து வரியைப் படித்துக் காட்டிவிட்டு விளக்கத்துக்குப் போகலாம்.